பில்டிங் ஆட்டோமேஷன் படிப்பவர்களுக்கு: லேப் உங்கள் கல்லூரியின் பிளான்ட் ரூமில் இருக்கிறது

கோவை பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தேன். எங்கள் பிரிவில் சேர்ந்த எல்லோருக்கும் ரிஃபைனரி அல்லது அனல்மின் நிலையம்தான் கனவு. மூன்றாம் ஆண்டில் பில்டிங் ஆட்டோமேஷன், அதாவது கட்டடத்தின் ஏசி, காற்றோட்டம் போன்றவற்றைத் தானியங்கியாக இயக்கும் படிப்பு, விருப்பப் பாடமாக வந்தபோது, "ஏசி மெக்கானிக் வேலைக்கா இன்ஜினியரிங் படிக்கிறோம்?" என்று வகுப்பிலேயே பலர் கேட்டார்கள். நான் அதைத்தான் எடுத்தேன். இன்று சென்னையில் மருத்துவமனைகளுக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் பிஎம்எஸ் (கட்டட இயந்திரங்களைக் கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு) அமைத்துக் கொடுப்பது என் வேலை. என்னிடம் பேசும் ஜூனியர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "அக்கா, எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?" என்பதுதான். சாஃப்ட்வேர் அப்புறம். முதலில் காற்றும் தண்ணீரும் கட்டடத்துக்குள் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கான லேப் உங்கள் கல்லூரியிலேயே, மொட்டை மாடியிலோ பேஸ்மென்ட்டிலோ இருக்கிறது.

இந்தத் துறையே கல்வி நிலையத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் வகுப்பறை சூடாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டடப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பாக வந்துபோவார். பிறகு பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப்போய் வெப்பத்தைக் கூட்டுவார், குறைப்பார். பாடம் நடுவில் நின்றுபோகும். அங்கே ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன், அறையிலிருந்தே கீழே மின்சாரத்தால் செய்தி சொல்லும் தெர்மோஸ்டாட்டைச் செய்து 1883-ல் காப்புரிமை பெற்றார். 1885-ல் அவர் மில்வாக்கியில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜான்சன் கன்ட்ரோல்ஸ். நாம் இன்று பல கட்டடங்களில் பயன்படுத்தும், கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் பொது மொழியான பேக்நெட்டுக்கும் இப்படி ஒரு வளாகத் தொடர்பு உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த மைக்கேல் நியூமன் தலைமையில் 1987-ல் ஒரு குழு கூடியது. எந்தக் கம்பெனியின் கன்ட்ரோலரும் இன்னொரு கம்பெனியின் கன்ட்ரோலரோடு பேச வேண்டும் என்பதுதான் நோக்கம். எட்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1995-ல், அது ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் 135-ஆம் எண் தரநிலையாக வெளிவந்தது. இரண்டு பேருமே பக்கத்தில் இருந்த கட்டடத்தின் தொல்லையைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள்.

எங்கள் பாடத்தில் பிஐடி கன்ட்ரோல் (வேண்டிய அளவிலிருந்து உள்ள விலகல், அதன் குவிப்பு, அது மாறும் வேகம் மூன்றையும் பார்த்துத் திருத்தும் முறை), சென்சார் வகைகள், டிடிசி (நேரடி டிஜிட்டல் கட்டுப்பாடு), தகவல் தொடர்பு நெறிகள் எல்லாம் இருந்தன. லேபில் ஒரு சின்னத் தொட்டி, ஒரு ஹீட்டர், ஒரு கன்ட்ரோலர். செட்பாயின்ட்டை (வேண்டிய வெப்பநிலையை) மாற்றினால் வளைவு அழகாக ஏறி, சற்றுத் தாண்டி, அடங்கும். அடிப்படை புரிய அது போதும், அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் காற்று எங்கள் பாடத்தில் இல்லை. ஈரப்பதம் ஒரு சென்சாராக மட்டும் வந்துபோனது. கட்டடத்தில் சண்டையே அதோடுதான் என்பது வகுப்பில் தெரியவில்லை.

அதைத் தெரியவைத்தவர் எங்கள் கல்லூரியின் ஏசி பிளான்ட் ஆபரேட்டர். ஆடிட்டோரியத்துக்கும் நூலகத்துக்கும் சேர்த்து ஒரு சில்லர் பிளான்ட் இருந்தது, ஏசிக்கான தண்ணீரைக் குளிரவைக்கும் இடம் அது. பாடம் எடுத்த பேராசிரியர் அனுமதி வாங்கிக் கொடுக்க, நாங்கள் மூன்று பேர் மாலை நேரங்களில் அங்கே போக ஆரம்பித்தோம். நோட்டும் பேனாவுமாக நின்ற எங்களிடம் அவர் சொன்னது: "அம்மிணி, மொதல்ல இந்தக் கண்டன்சர் பைப் ரெண்டையும் தொட்டுப் பாருங்க. எது போறது, எது வர்றதுன்னு கை சொல்லிரும். அப்புறமா எழுதிக்கலாம்." தொட்டால் ஒன்று லேசாகவும் இன்னொன்று நன்றாகவும் வெதுவெதுப்பாக இருக்கும். கூலிங் டவரிலிருந்து சுமார் 32 டிகிரியில் வரும் தண்ணீர், கட்டடத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 37-ல் திரும்பிப் போகிறது. மறுபக்கம் இன்சுலேஷன் போட்ட குளிர்நீர்க் குழாய்களில் இருக்கும் தெர்மாமீட்டரில் 7 டிகிரி போவதும் 12 டிகிரி வருவதும் தெரியும். இந்த ஐந்து டிகிரி வித்தியாசம்தான் பிளான்ட்டின் நாடி.

ஒருநாள் திரும்பி வரும் தண்ணீர் ஒன்பது டிகிரியில் இருந்தது. "இதுல என்ன தெரியுது?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் யோசித்துச் சொன்ன விடை சரிதான்: தண்ணீர் வேலை செய்யாமலே திரும்பி வருகிறது. ஏதோ ஒரு ஏஹெச்யுவில் (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் யூனிட்டில்) வால்வு முழுக்கத் திறந்து கிடக்கிறது, அல்லது அதன் காயிலில் (குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருளில்) அழுக்கேறிக் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்க முடியவில்லை. எதுவானாலும் பம்ப் வீணாக ஓடுகிறது. இந்த அறிவு பின்னால் எனக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. வளைகுடாவில் வேலைக்குப் போன என் வகுப்புத் தோழன் ஒருவன் இப்போது டிஸ்ட்ரிக்ட் கூலிங் உள்ள கட்டடங்களைப் பார்க்கிறான். அங்கே கட்டடத்துக்குள் சில்லர் இருக்காது, வெளியிலிருந்து குளிர்நீர் விலைக்கு வரும். தண்ணீர் போதிய அளவு சூடாகாமல் திரும்பினால் கூடுதல் கட்டணம் போடும் ஒப்பந்தங்கள் உண்டு. அவன் அன்றாடம் பார்ப்பது இதே வித்தியாசத்தைத்தான்.

பேராசிரியர் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்றை எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். ஆடிட்டோரியத்தின் ஏஹெச்யு முன்னால் நின்று, அதற்கு ஒரு பாயின்ட் லிஸ்ட், அதாவது கன்ட்ரோலருக்கு வரும், அதிலிருந்து போகும் சிக்னல்களின் பட்டியல், எழுத வேண்டும். கணினி கூடாது, பேப்பரில் கையால். காற்று நுழையும் இடத்தில் தொடங்கி வெளியேறும் இடம் வரை நடந்துகொண்டே எழுத வேண்டும். வெளிக்காற்று டேம்பர் (காற்றுக் கதவு), ரிட்டர்ன் காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும், ஃபில்டர் அடைத்ததைச் சொல்லும் பிரஷர் சுவிட்ச், குளிர்நீர் வால்வுக்குப் போகும் கட்டளை, அது எவ்வளவு திறந்தது என்ற பதில், ஃபேன் ஓட்டக் கட்டளை, ஓடுகிறதா என்ற ஸ்டேட்டஸ், ட்ரிப் (கோளாறால் நின்றதா), ஆட்டோ மேனுவல் செலக்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) வேகம், சப்ளை காற்றின் வெப்பநிலை, ஃபயர் அலாரத்திலிருந்து வரும் சிக்னல். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது டிஜிட்டலா (ஆன், ஆஃப் மட்டும்) அனலாகா (மாறும் அளவு), உள்ளே வருவதா வெளியே போவதா என்று குறிக்க வேண்டும். ஒரு பக்கப் பேப்பர்தான். ஆனால் எழுதி முடிக்கும்போது அந்த இயந்திரம் மனதில் முழுதாகப் பதிந்துவிடும்.

எழுதியதைப் பார்த்துவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்: ஃபேன் ஓடுவதை எங்கிருந்து எடுக்கிறாய்? ஸ்டார்ட்டர் பேனலின் கான்டாக்டரிலிருந்து (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சிலிருந்து) ஒரு வயர் எடுத்தால் சுலபம். ஆனால் பெல்ட் அறுந்துபோனாலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், கான்டாக்டர் பிடித்தே இருக்கும், திரையில் ஃபேன் பச்சையாகச் சுழலும், அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வியர்க்கும். அதனால் ஃபேனுக்கு முன்னும் பின்னும் காற்றழுத்த வித்தியாசம் பார்க்கும் சுவிட்சிலிருந்து எடுப்பது நல்லது. அப்போதுதான் காற்று நிஜமாகவே நகர்கிறது என்று தெரியும். நாம் அனுப்பிய கட்டளை நிறைவேறியதா என்பதை வேறு ஒரு வழியில் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் இன்றுவரை என்னோடு இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குக் காற்று கொடுக்கும் யூனிட்டில் இதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது.

சென்சார் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புத்தகத்தில் எல்லாச் சென்சாரும் ஒரே மரியாதையோடு வரிசையாக நிற்கும். பிடி100 என்ற பிளாட்டினம் வெப்பநிலைச் சென்சார் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம்தான் மாறும். பேனலுக்கும் சென்சாருக்கும் நடுவே ஓடும் இரண்டு வயர்களில் ஒரு ஓம் தடை சேர்ந்தாலே இரண்டரை டிகிரிக்கு மேல் தப்பாகக் காட்டும். அதனால்தான் மூன்று வயர் போடுகிறார்கள். கட்டடங்களில் அதிகம் பார்க்கும் 10கே தெர்மிஸ்டர், அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு நானூறு ஓமுக்கு மேல் மாறும், வயரின் தடை அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. மல்டிமீட்டரால் தெர்மிஸ்டரை அளந்து, அட்டவணையைப் பார்த்து, அறையில் இப்போது எத்தனை டிகிரி என்று சொல்லப் பழகுங்கள். சைட்டில் முதல் வாரத்திலேயே இது உங்களைக் காப்பாற்றும்.

இப்போது ஈரப்பதம். புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. வெளிக்காற்று குளிர்ச்சியாக இருக்கும்போது அதையே உள்ளே இழுத்துக் கட்டடத்தைக் குளிர்விக்கும் எகானமைசர் முறைக்கு அவற்றில் ஓர் அத்தியாயமே இருக்கும். கோவையில் மார்கழி இரவில் அது நடக்கும். பெங்களூரில் இன்னும் நன்றாக நடக்கும். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி வெளிக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதை உள்ளே விட்டால் சில்லருக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது. அங்கே காயிலை நன்றாகக் குளிரவைத்துத் தண்ணீரைப் பிழிந்தெடுப்பதுதான் பாதி வேலை. மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று குளிர்நீரின் வெப்பநிலையை ஏற்றிவிட்டால் சுவரில் 24 டிகிரி காட்டும், உள்ளே இருப்பவர்களுக்கோ பிசுபிசுவென்று இருக்கும், புகார் வரும். வெப்பநிலை சரியாகத்தானே இருக்கிறது என்று திரையைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. அதனால் சைக்ரோமெட்ரிக் சார்ட் (காற்றின் வெப்பநிலையையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் வரைபடம்) படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் பிரிவில் அது பாடமாக இல்லை. மெக்கானிக்கல் பிரிவு நண்பன் ஒருவன் ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். இன்றைய உங்கள் ஊர்க் காற்றை அந்தச் சார்ட்டில் ஒரு புள்ளியாக வையுங்கள். அறைக்குள் வேண்டிய காற்றை இன்னொரு புள்ளியாக வையுங்கள். இரண்டுக்கும் நடுவே என்ன நடக்க வேண்டும் என்று கோடு போட்டுப் பாருங்கள். மழைநாளிலும் வெயில்நாளிலும் செய்தால் இரண்டு கோடுகளும் வேறு வேறாக இருக்கும்.

லேபில் விஎஃப்டி இருந்தால் ஒரு பரிசோதனை செய்யலாம். ஃபேன் அல்லது பம்பின் வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் மின்சாரம் எவ்வளவு குறையும்? வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் சக்தி குறையும் என்பதால் கணக்குப்படி அது சுமார் 51 சதவீதத்துக்கு வந்துவிடும். கிளாம்ப் மீட்டரை வைத்து நேரில் பார்க்கும்போது விடை அவ்வளவு சுத்தமாக வராது, மோட்டாருக்கும் டிரைவுக்கும் அவற்றின் இழப்புகள் உண்டு. ஆனாலும் இறக்கம் பெரிதாகவே தெரியும். ஒரு கட்டடத்தின் மின்கட்டணத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் முதலில் ஃபேன், பம்ப் வேகங்களைப் பார்ப்பது இதனால்தான். நம் நாட்டில் பெரிய வணிகக் கட்டடங்களுக்காக 2007-ல் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதி வந்தது. 2017-ல் அதைப் புதுப்பித்தார்கள். அதில் குளிரூட்டலும் அதன் கட்டுப்பாடுகளும் பற்றித் தனி அத்தியாயம் உண்டு. படித்துப் பாருங்கள், தேர்வுக்கு இல்லாவிட்டாலும்.

பிஐடி பற்றிச் சுருக்கமாக: கட்டடம் மெதுவானது. அறையின் வெப்பநிலை மாறப் பல நிமிடங்கள் ஆகும். பெரும்பாலான லூப்களில் (கட்டுப்பாட்டுச் சுற்றுகளில்) பி, ஐ இரண்டும் போதும், டி-யைப் பூஜ்யத்தில் விட்டுவிடுவோம். வால்வு திறந்து மூடி, திறந்து மூடி ஆடிக்கொண்டே இருந்தால் எண்களை மாற்றும் முன்னால் சென்சார் எங்கே இருக்கிறது என்று எழுந்துபோய்ப் பாருங்கள். ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலேயோ மேற்கு வெயில் விழும் சுவரிலோ இருந்தால் எந்த ட்யூனிங்கும் உதவாது.

தகவல் தொடர்புப் பகுதிதான் மாணவர்களுக்கு அதிகம் பிடிக்கும், வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்பதால். எங்கள் கடைசி ஆண்டு பிராஜெக்ட், எங்கள் துறைக் கட்டடத்தின் எனர்ஜி மீட்டர்களை மோட்பஸ் என்ற தகவல் தொடர்பு நெறி வழியாகப் படிப்பது. வேண்டியவை ஒரு லேப்டாப், யுஎஸ்பியிலிருந்து ஆர்எஸ்485 என்ற வயர் இணைப்புக்கு மாற்றும் சின்னக் கன்வர்ட்டர், முறுக்கிய கேபிள், பராமரிப்புப் பிரிவின் அனுமதி. வயரை ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு என்று தொடராகத்தான் இழுக்க வேண்டும், நடுவில் கிளை பிரிக்கக் கூடாது. இரண்டு முனைகளிலும் 120 ஓம் தடை வைக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டருக்கும் தனி முகவரி, எல்லாவற்றுக்கும் ஒரே பாட் ரேட் (தகவல் போகும் வேகம்). இவ்வளவும் சரியாக இருந்தும் வோல்டேஜ் என்று கோடிக்கணக்கில் ஒரு எண் வரும். அங்கே பயப்பட வேண்டாம். மேனுவலில் 40001 என்று போட்டிருக்கும் ரெஜிஸ்டரை (மீட்டர் எண்ணை வைக்கும் இடத்தை) சாஃப்ட்வேர் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஒன்று தள்ளிப் படிக்கும். இல்லையென்றால் தசம எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரிந்து கிடக்கும், முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறியிருக்கும். இந்த இரண்டையும் கல்லூரியில் பார்த்துவிட்டவர் சைட்டில் நிதானமாக இருப்பார்.

அந்த மீட்டர்கள் எங்களுக்கு ஒரு செய்தி சொன்னன. ஞாயிறு இரவிலும் கட்டடத்தின் லோடு நாங்கள் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. எதனால் என்று தேடி ஒவ்வொரு தளமாக நடந்தோம். ஆளில்லாத கம்ப்யூட்டர் லேபில் ஸ்ப்ளிட் ஏசிகள் ஓடிக்கொண்டிருந்தன, வாட்டர் கூலர்களும்தான். டைமர் போடச் சொல்லி ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தோம். போட்டார்கள். அடுத்த ஞாயிறு வரைபடத்தில் அந்தக் கோடு கீழே இறங்கியதைப் பார்த்த மகிழ்ச்சியில்தான் இந்த வேலையையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

பேக்நெட்டுக்கு, யாபே என்ற இலவச மென்பொருளும், நெட்வொர்க்கில் ஓடும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க்கும் போதும். பைத்தான் தெரிந்தால் லேப்டாப்பிலேயே ஒரு போலிக் கன்ட்ரோலரை உருவாக்கி அதோடு பேசலாம். அதில் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது முன்னுரிமை வரிசை. ஒரு ஃபேனுக்குப் போகும் கட்டளைக்குப் பதினாறு படிகள் உண்டு, எண் சிறிதாக இருந்தால் அதிகாரம் பெரிது. ஆபரேட்டர் கையால் கொடுக்கும் கட்டளை எட்டாம் படி. தினசரி நேர அட்டவணை பெரும்பாலும் பதினாறில் எழுதும். யாரோ ஒருநாள் அவசரத்துக்கு எட்டாம் படியில் ஃபேனை ஓடவிட்டு அதை விடுவிக்காமல் போனால், அட்டவணை எத்தனை முறை நிறுத்தச் சொன்னாலும் ஃபேன் நிற்காது. இரவெல்லாம் ஓடும் கட்டடங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அப்புறம், இயக்க வரிசையை முதலில் தமிழில் எழுதுங்கள். "காலை ஏழு மணி ஆனதும், செலக்டர் ஆட்டோவில் இருந்தால், தீ அலாரம் இல்லை என்றால், டேம்பரைத் திற. திறந்தது உறுதியானதும் ஃபேனை ஓட்டு. குறித்த நேரத்துக்குள் காற்றோட்டம் தெரியாவிட்டால் நிறுத்தி அலாரம் கொடு." இப்படி எழுதும்போது எங்கே 'இல்லாவிட்டால்' விடுபட்டது என்று தெரிந்துவிடும். ஆபரேட்டர் அண்ணாவிடம் படித்துக் காட்டினால் அவர் இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்வார். பிறகு அதை ப்ரோக்ராமாக மாற்றுவது பெரிய வேலை இல்லை. தீ சம்பந்தப்பட்ட கட்டளைகள் மட்டும் நெட்வொர்க்கை நம்பக் கூடாது. அலாரம் பேனலிலிருந்து ஏஹெச்யு ஸ்டார்ட்டருக்கு நேரடி வயர் போக வேண்டும். பிஎம்எஸ் அதை அறிந்துகொள்ளலாம், ஆனால் அந்தக் கட்டளை பிஎம்எஸ்ஸின் தயவில் இருக்கக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கேம்பஸ் இன்டர்வியூவில் எங்களை கிராஃபிக்ஸ், டிசைன் என்று ஆபீஸ் வேலைக்கே ஒதுக்கப் பார்ப்பார்கள். அந்த வேலைகளை நான் தாழ்வாக நினைக்கவில்லை. ஆனால் கமிஷனிங் (சைட்டில் எல்லாவற்றையும் இயக்கிச் சரிபார்த்து ஒப்படைக்கும் வேலை) பார்க்காமல் இந்தத் துறையில் நிலைத்து வளர்வது கடினம். கேட்டு வாங்குங்கள். கட்டி முடியாத சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது. நான் வேலை பார்த்த முதல் சைட்டில் இல்லை. சேரும் முன்பே அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நான் கேட்டபிறகுதான் ஒரு தளத்தில் ஏற்பாடு செய்தார்கள், அப்புறம் வந்த எலெக்ட்ரிக்கல் பெண் பொறியாளர்களுக்கும் அது பயன்பட்டது.

வேலை என்று பார்த்தால் ஓஎம்ஆர் ஐடி வளாகங்கள், மருத்துவமனைகள், மெட்ரோவின் சுரங்க நிலையங்கள், இப்போது வேகமாக வரும் டேட்டா சென்டர்கள், அதற்கப்பால் சிங்கப்பூர், வளைகுடா. கம்பெனிகளின் சான்றிதழ் படிப்புகளுக்குச் சொந்தப் பணத்தைக் கொட்டாதீர்கள். வேலையில் சேர்ந்தால் பல நிறுவனங்கள் தாங்களே அனுப்பிவைக்கும். இன்டர்வியூவில் எங்கள் டீம் கேட்பதும் நான் போன இடங்களில் கேட்டதும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஏஹெச்யு வரைந்து பாயின்ட்களைக் குறிக்கச் சொல்வார்கள். கன்ட்ரோலர் பெட்டியை முதலில் வரையாதீர்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஓர் அம்புக்குறி போட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.